அப்பா வேணும்னே பண்ணல

சாமை விதைச்சு முடிச்சாச்சு. இந்த வருஷம் ஆடி மழை பரவாயில்ல, முளைப்பும் நல்லா இருக்கு. களையெடுப்பு வர்றதுக்குள்ள கொஞ்சம் உக்காந்து எழுத நேரம் கிடைச்சிருக்கு. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனா பாக்கறவங்க எல்லாம் முதல்ல கேக்கறது, "அப்பா எப்படி இருக்காரு?" தான். "இருக்காருங்க"ன்னு சொல்லிட்டு வந்துடறேன். ஒரு வார்த்தையில சொல்ற விஷயம் இல்ல அது. அதனால இன்னிக்கு முழுசா எழுதிடறேன்.

அப்பாவுக்கு 76 வயசு. பார்க்கின்சன் நோய். சித்த வைத்தியத்துல நடுக்குவாதம்னு சொல்வாங்க. 1817-ல் லண்டன்ல ஜேம்ஸ் பார்க்கின்சன்னு ஒரு டாக்டர் இந்த நோயைப் பத்தி விவரமா எழுதினதால அவர் பேரே நோய்க்கு வந்துடுச்சாம். எங்க மலையில இந்தப் பேரைச் சொன்னா யாருக்கும் தெரியாது. "கை நடுங்கற வியாதி"ன்னு சொன்னாத்தான் புரியும். ஆனா கை நடுங்கறது இந்த வியாதியில ஒரு துண்டுதான். மீதி எதையும் நாங்க வியாதின்னே நினைக்கல. அதுதான் நாங்க பண்ண தப்பு.

முதல்ல போனது மூக்கு. எங்க வீட்டுக்குப் பின்னாடி மூணு பலா மரம் இருக்கு. எந்தக் காய் பழுத்திருக்குன்னு அப்பா மரத்தடியில நின்னே சொல்லிடுவார். அவ்வளவு மூக்கு. ஒரு வருஷம் வீட்டு மூலையில வச்ச பழம் அழுகி ஈ மொய்க்குது, பக்கத்துலயே படுத்திருக்கார், அவருக்குத் தெரியல. வயசாச்சுன்னு விட்டுட்டோம்.

அப்புறம் ராத்திரி தூக்கத்துல கத்த ஆரம்பிச்சார். காட்டுப்பன்னியை விரட்டற மாதிரி கையை வீசுவார், காலை உதைப்பார். ஒரு தடவை அம்மா கன்னத்துல அடி பட்டு வீங்கிப்போச்சு. காத்து சேட்டைன்னு பூசாரியைக் கூட்டிட்டு வந்து, வேடியப்பனுக்கு கோழி அறுத்தோம். நடுக்கம் வர்றதுக்குப் பல வருஷம் முன்னாடியே வாசனை தெரியாம போறதும், கனவுல நடக்கறதை உடம்பு அப்படியே செய்யறதும் இந்த நோயில வரும்னு பின்னாடிதான் டாக்டர் சொல்லித் தெரிஞ்சுது.

பேத்திக்குக் காது குத்தினோம். அப்பா மடியில உக்கார வச்சுத்தான் குத்தினோம். அவர் முகத்துல ஒரு சிரிப்பு இல்ல. கல்லு மாதிரி உக்காந்திருந்தார். சம்பந்தி வீட்டுக்காரங்க, "பெரியவருக்கு எங்க மேல இன்னா கோவம்?"னு கேட்டே போட்டாங்க. எனக்கு அவமானமா போச்சு. அன்னிக்கு ராத்திரி அவரைச் சத்தம் போட்டேன். அவர் ஒண்ணும் பேசல. முகத்துல இருக்கற தசை இறுகிப்போய் சிரிப்பு வெளிய வரலன்னு அவருக்கும் சொல்லத் தெரியல, எனக்கும் கேக்கத் தெரியல.

வலது கை நடுக்கம் அதுக்கு அப்புறம்தான் வந்தது. கதிர் முத்திருக்கான்னு ரெண்டு விரல்ல வச்சுக் கசக்கிப் பாப்போமே, அந்த மாதிரி சும்மா இருக்கும்போதே விரல் உருட்டிக்கிட்டே இருக்கும். ஏதாவது எடுக்கப் போனா நடுக்கம் நின்னுடும். அதைப் பாத்துட்டு நான் என்ன நினைச்சேன் தெரியுமா? நடிக்கறார்னு நினைச்சேன். நடை சின்னச் சின்ன அடியா ஆச்சு. கையெழுத்து எறும்பு ஊர்ற மாதிரி சின்னதா ஆச்சு. சட்டைப் பித்தான் போட கால் மணி நேரம். "சோம்பல் பட்டுட்டாரு"ன்னு வீட்ல எல்லாரும் சொன்னோம். நாலு மணிக்கு எழுந்து ஏர் பூட்டின மனுஷனை நாங்க அப்படிச் சொன்னோம்.

இப்ப எழுதப் போறதை எழுதறதா வேணாமான்னு ரொம்ப யோசிச்சேன். எழுதிடறேன்.

2019 தை மாசம். போளூர்ல ஒரு கல்யாணம். பஸ் வந்து நிக்குது, பின்னாடி ஜனம் ஏற நிக்குது. அப்பா படிக்கட்டுக்கு முன்னாடி வந்து நின்னவர் நின்னவர்தான். கால் எடுக்கல. "ஏறுப்பா"ன்னேன். நிக்கறார். டிரைவர் ஹாரன் அடிக்கறார். "காலு ஒட்டிக்கிச்சுடா"ன்னு மெதுவா சொன்னார். எனக்கு வந்த கோவத்துல, "ஊரே பாக்குது, ஏறுப்பா!"ன்னு முதுகுல கை வச்சுத் தள்ளிட்டேன். கை ஊனக்கூட அவரால முடியல. மரம் சாயற மாதிரி சாஞ்சார். படிக்கட்டு விளிம்பு நெத்தியில குத்தி ரத்தம். கல்யாணத்துக்குப் போகல. நாலு தையல். அந்தத் தழும்பு இன்னும் இருக்கு. தினமும் அவருக்கு முகம் கழுவி விடும்போது என் கை அது மேல போகுது.

தையல் போட்ட டாக்டர்தான் அவர் நடையைப் பாத்துட்டு, "நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு சொன்னார். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டர் ஊசி போடல, மெஷின்ல வைக்கல. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக்காட்டச் சொன்னார். கையை மூடித் திறக்கச் சொன்னார். நாற்காலியில இருந்து எழுந்து நடந்து திரும்பி வரச் சொன்னார். நடக்கும்போது வலது கை வீசவே இல்லன்னு அவர் காட்டினப்பதான் நானே கவனிச்சேன். ரத்தம் எடுத்துப் பாத்துச் சொல்ற நோய் இல்லையாம் இது. பாத்து, கேட்டு, தொட்டுத்தான் சொல்லணுமாம்.

அவர் சொன்னது இவ்வளவுதான். மூளைக்குள்ள டோபமின்னு ஒண்ணு சுரக்குது. உடம்பு நினைச்ச மாதிரி நகர அது வேணும். அதைச் சுரக்கற அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமா செத்துப்போகுது. நடுக்கம் தெரியற நேரத்துல பெரும்பகுதி போயிருக்கும். கிணத்துல தண்ணி வத்தி, மோட்டார் காத்து வாங்கும்போதுதான் நமக்குத் தெரியற மாதிரின்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். "கால் எடுன்னு மனசு சொல்லும், கால் கேக்காது. அவர் வேணும்னே பண்றது இல்ல"ன்னு டாக்டர் சொன்னார். நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அப்பா என்னைப் பாக்கல.

பூச்சிமருந்து அடிச்சதுண்டான்னும் கேட்டார். அப்பா பல வருஷம் கீழ்நாட்டுக்குக் கூலிக்குப் போய் வாயில துணிகூடக் கட்டாம மருந்து அடிச்சிருக்கார். பாராகுவாட் மாதிரி களைக்கொல்லிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கறதா ஆய்வுகள் சொல்லுது. அதனாலதான் வந்துச்சுன்னு ஒரு ஆளைக் காட்டிச் சொல்ல முடியாதுன்னும் டாக்டர் சொன்னார். ஆனா நான் அன்னிக்கு முடிவு பண்ணேன், என் நிலத்துல களைக்குக் கொத்துதான், டப்பா இல்ல.

மாத்திரை கொடுத்தாங்க. லெவோடோபா, கூடவே கார்பிடோபா கலந்தது. லெவோடோபா மூளைக்குள்ள போய் டோபமினா மாறும். அது வழியிலயே வீணாகாம மூளைக்குப் போய்ச் சேர உதவறது கார்பிடோபா. அளவைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டி, சில வாரத்துல அப்பா தானே சட்டைப் பித்தான் போட்டார். அம்மா கையைக் கூப்பிட்டாங்க. நோய் குணமாகாது, மாத்திரை வேலை செய்யற நேரம் மட்டும் உடம்பு ஒத்துழைக்கும்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். நாங்க அதைக் காதுல சரியா வாங்கல.

ஒரு மாசம் கழிச்சு சில நாள் மாத்திரை வேலையே செய்யல. ஏன்னு புரியல. உடம்புக்குத் தெம்பு வேணும்னு அம்மா காலையில கொள்ளு கடைஞ்சு களியோட கொடுத்து, கையோட மாத்திரையும் கொடுத்துட்டு இருந்தாங்க. புரதமும் இந்த மருந்தும் உடம்புக்குள்ள போக ஒரே வாசலுக்குத்தான் நிக்குமாம். கொள்ளு முந்திக்கும், மருந்து வெளிய நிக்கும். மாத்திரையை வெறும் வயித்துல, சாப்பாட்டுக்கு அரை மணி, ஒரு மணி நேரம் முன்னாடி கொடுக்கணும். கொள்ளு, பருப்பு, முட்டை எல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுல வச்சுக்கிட்டோம். இப்ப எங்க வீட்ல மாட்டுக்குத் தண்ணி காட்டற நேரம் மாறலாம், மாத்திரை நேரம் மாறாது. காலை 6, 11, சாயந்திரம் 4, ராத்திரி 8. போன்ல மணி அடிக்க வச்சிருக்கோம்.

அடுத்த தப்பு 2020-ல். சொந்தக்காரர் ஒருத்தர், நல்ல மனுஷன்தான், வந்து, "இங்கிலீஷ் மருந்தெல்லாம் நிறுத்துங்க. இதுக்கு மருந்து நம்ம வேலியிலயே கிடக்குது"ன்னு பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தார். பூனைக்காலி தெரியாதவங்க எங்க மலையில கிடையாது. அந்தக் காய் மேல இருக்கற சொணை பட்டா நாள் முழுக்க அரிப்பு, சின்னப் பிள்ளைங்க பக்கத்துலயே போக மாட்டாங்க. மாத்திரையை ஒரே அடியா நிறுத்திட்டு பொடியைக் கொடுத்தோம். மூணாம் நாள் அப்பா கட்டை மாதிரி விறைச்சுப்போனார். காய்ச்சல் கொதிக்குது, எச்சில்கூட முழுங்க முடியல. ராத்திரி பதினோரு மணிக்கு ஜீப் பிடிச்சு, அந்த வளைவெல்லாம் இறங்கி சுமார் 40 கிலோமீட்டர் போளூர், அங்கிருந்து மேல ஆஸ்பத்திரி. அம்மா வழி முழுக்க அவர் காலைப் பிடிச்சுக்கிட்டே வந்தாங்க. இந்த மாத்திரையை திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் திட்டினார். திட்டு வாங்க வேண்டியதுதான்.

இதுல வேடிக்கை என்னன்னா, சொந்தக்காரர் சொன்னது பொய்யும் இல்ல. என் பொண்ணு திருவண்ணாமலையில நர்சிங் படிக்கறா. அவ படிச்சுட்டு வந்து சொன்னா: 1937-ல் சென்னையில தாமோதரன், ராமசாமின்னு ரெண்டு விஞ்ஞானிங்க பூனைக்காலி விதையில இருந்துதான் இந்த லெவோடோபாவைப் பிரிச்சு எடுத்திருக்காங்க. அது பார்க்கின்சன் நோய்க்கு மருந்துன்னு உலகத்துக்குத் தெரியவே இன்னும் இருபது, முப்பது வருஷம் ஆச்சு. நம்ம வேலியில அரிப்புக்குப் பயந்து வெட்டிப் போடற கொடி! ஆனா ஒரு கொடி விதையில இருக்கற அளவு இன்னொரு கொடியில இருக்காது. ஒரு கரண்டிப் பொடியில எவ்வளவு மருந்து போகுதுன்னு யாருக்குத் தெரியும்? கார்பிடோபாவும் அதுல கிடையாது. மாத்திரையோட சேத்து கொடுத்தா அளவு மீறும், மாத்திரையை நிறுத்திட்டு கொடுத்தா எங்க கதி. சித்த வைத்தியம் பாக்கறவங்க பாருங்க, நான் குறை சொல்லல. ஆனா ரெண்டு டாக்டருக்கும் ஒருத்தர் கொடுக்கறது இன்னொருத்தருக்குத் தெரியணும். வீட்டாளுங்களே மாத்தக் கூடாது.

சில விஷயம் நாங்களே கண்டுபிடிச்சதும் உண்டு. அப்பாவுக்கு வீட்டு நிலைப்படிக்கிட்ட வந்தா கால் ஒட்டிக்கும். பஸ் படி மாதிரியேதான். ஒரு நாள் உழுது போட்ட நிலத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். சமதரையிலயே நடக்க முடியாதவர் உழவுசாலை ஒவ்வொண்ணா தாண்டித் தாண்டி நடக்கறார்! எனக்கு நம்பவே முடியல. அப்ப மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் ஆரம்பிச்சிருந்தது. 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல தொடங்கினாங்களே, அதுதான். அதுல வீட்டுக்கு வந்த பிசியோதெரபி தங்கச்சிகிட்ட இதைச் சொன்னேன். "அண்ணா, அது அப்படித்தான். தானா நடக்கற நடைதான் போயிடுச்சு. கண்ணுக்கு முன்னாடி ஒரு கோடு இருந்தா மூளை வேற வழியில காலை எடுத்து வைக்கும்"னாங்க. அன்னிக்கே சுண்ணாம்பு கரைச்சு திண்ணையில இருந்து கக்கூஸ் வரைக்கும் அடிக்கு ஒரு கோடு போட்டேன். கோடு மங்கினா பேத்தி போட்டு விடுவா. வெளியூர் போனா கோடு ஏது? அவர் நின்னுட்டா என் காலைக் குறுக்க வைப்பேன், அதைத் தாண்டுவார், நடை வந்துடும். அன்னிக்கு பஸ் படியில நான் வைக்க வேண்டியது கால். கை வச்சுட்டேன்.

திரும்பும்போதுதான் அதிகமா விழுவார். நின்ன இடத்துலயே திரும்பக் கூடாது. "ஏரைத் திருப்பற மாதிரி வட்டம் போட்டு வாப்பா"ன்னு சொன்னா அவருக்கு உடனே புரியும். தண்ணி வேகமா குடிச்சா புரை ஏறும். கேழ்வரகுக் கூழ் கொஞ்சம் கெட்டியா இருந்தா நல்லா இறங்கும். நிமிர்ந்து உக்கார வச்சு, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்ன வாயா கொடுக்கணும். மலச்சிக்கல் பெரிய தொந்தரவு. கீரையும் தண்ணியும் விடக் கூடாது. படுத்து எழுந்ததும் உடனே நிக்க வைக்கக் கூடாது, ரத்த அழுத்தம் இறங்கி தலை சுத்தும். ரெண்டு நிமிஷம் உக்காந்து அப்புறம் எழுந்தா போதும். அவசரம்ங்கற வார்த்தையை மட்டும் வீட்ல இருந்து எடுத்துடணும். "சீக்கிரம்"னு சொன்னா அவருக்கு இன்னும் இறுகிக்கும்.

இதெல்லாம் அப்பாவைப் பத்தி. அம்மாவைப் பத்தி யாரும் கேக்கல. நானும் கேக்கல.

ராத்திரி அவருக்குப் புரண்டு படுக்க முடியாது. அம்மாதான் எழுந்து புரட்டி விடுவாங்க. மூணு தடவை, நாலு தடவை. மூத்திரத்துக்கு ரெண்டு தடவை. இப்படி நாலு வருஷம். ஒரு நாள் காலையில பால் கறக்கப் போனா மாட்டுக்கொட்டாயில அம்மா மாட்டு மேல சாஞ்சபடி தூங்கறாங்க. எழுப்பினேன். திடுக்குனு முழிச்சு, "இன்னாடா, விழுந்துட்டாரா?"ன்னாங்க. இல்லம்மான்னேன். "எனக்கு ஒண்ணும் வேணாம்டா. ஒரே ஒரு ராத்திரி தூங்கணும்"னு சொல்லிட்டு செம்பை எடுத்துட்டு போயிட்டாங்க. 70 வயசுப் பொம்பளை, எழும்பும் தோலுமா. வீட்ல ஒரு நோயாளின்னு நினைச்சுட்டு இருந்தேன். ரெண்டு பேர் இருந்திருக்காங்க.

எங்க ஊர்ல கூலி ஆள் இல்லாத வேலைக்கு மாத்தி மாத்திப் போவோம். இன்னிக்கு நீ என் நிலத்துல, நாளைக்கு நான் உன் நிலத்துல. அதையே வீட்டுக்குள்ள கொண்டு வந்தோம். திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கற தம்பி மாசாமாசம் பணம் அனுப்புவான். "பணம் பாதி அனுப்பு, மீதிக்கு வந்து ரெண்டு ராத்திரி முழிச்சிரு"ன்னேன். முதல்ல கோவிச்சான், அப்புறம் வந்தான். முதல் ராத்திரி முடிஞ்சு காலையில அம்மா கையைப் பிடிச்சுட்டு அழுதான். ராத்திரி முறை இப்ப எனக்கு நாலு நாள், என் மகனுக்கு மூணு நாள். குளிக்க வைக்கறதும் நான்தான். முதல் நாள் அப்பா கோவணத்தை விடாம பிடிச்சுக்கிட்டார். "சின்ன வயசுல என்னைக் குளிப்பாட்டினது யாரு?"ன்னு கேட்டேன். "உங்க அம்மா. நான் ஒரு நாளும் பண்ணலடா"ன்னார். ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அவர் சிரிப்பு முகத்துல தெரியாது, தோள் குலுங்கும். அதைப் பாக்கக் கத்துக்கிட்டேன்.

அம்மா நாலு வருஷம் கழிச்சு அவங்க அண்ணன் ஊர்த் திருவிழாவுக்குப் போனாங்க. நாலு நாள் இருந்துட்டு வாம்மான்னு அனுப்பினோம். ரெண்டாம் நாளே வந்து நின்னாங்க. "நல்லா தூங்கினேன். போதும்"னாங்க. வந்ததும் நேரா போய் அவர் நகத்தை வெட்டி விட்டாங்க, நாங்க அதை மறந்துட்டோம்னு.

இன்னொண்ணு, தெரியாதவங்களுக்கு. 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல சேத்த 21 வகையில பார்க்கின்சன் நோயும் இருக்கு. டாக்டர் சான்று வாங்கி அடையாள அட்டைக்கு மனு போடுங்க. நாங்க அது தெரியாமலே ரெண்டு வருஷம் இருந்துட்டோம். அதே மாதிரி, உங்க வீட்ல பெரியவங்களுக்கு நடை குறுகினா, குரல் தாழ்ந்தா, முகம் இறுகினா, மூக்கு போனா, "வயசாச்சு", "வீம்பு பண்றாங்க"ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தடவை நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. எங்களுக்குப் போன வருஷங்கள் போனதுதான்.

அப்பாவுக்கு இப்ப மருந்து வேலை செய்யற நேரம் குறைஞ்சுக்கிட்டே வருது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். குரலும் உள்ள போயிடுச்சு. பிசியோதெரபி தங்கச்சி சொன்னபடி தினமும் சத்தமா கூப்பிட்டுப் பழக்கறோம். மெதுவா பேசறதா அவருக்கே தெரியாது, கத்தறதா நினைச்சுப்பார். "எதிர் மலையில மாடு மேய்க்கறவனைக் கூப்பிடற மாதிரி கூப்பிடுப்பா"ன்னு சொல்லிட்டேன். நான் நிலத்துல இருந்தா திண்ணையில உக்காந்து "டேய்"னு என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். எனக்குக் கேட்டா "ஓ"ன்னு குரல் கொடுக்கணும். கேக்கலன்னா இன்னொரு தடவை கூப்பிடணும். அதுதான் ஏற்பாடு. சில நாள் முதல் தடவையே கேக்கும், சில நாள் நாலு தடவை ஆகும்.

இதோ கூப்பிடறார். மணி நாலு, மாத்திரை நேரம். மீதியை களையெடுப்பு முடிஞ்சு எழுதறேன்.